தண்ணீரின் எடை

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்திருந்தது. மின்னஞ்சல்தான். ஆனாலும் அவர் எழுதினால் கடிதம் போலத்தான் இருக்கும். நலம் விசாரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "மாமா, முதுகில் 12 கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு பாறை மேல் ஆறு கிலோமீட்டர் நடக்க உங்களால் முடியுமா?"

மாப்பிள்ளை கேட்டு, முடியாது என்று சொன்ன மாமனார் நம் பக்கத்தில் குறைவு. "முடியும்" என்று பதில் போட்டுவிட்டேன். எதற்கு என்று அதன் பிறகுதான் கேட்டேன். எனக்கு வயது 61.

மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறார்கள். அங்கிருந்து தென்கிழக்கே 380 கிலோமீட்டர் போனால் மோவாப் என்ற சின்ன ஊர். அதைச் சுற்றிச் செம்பாறைச் சீமை. கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. பூங்கா என்றதும் புல்தரையும் சிமெண்ட் பெஞ்சும் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். 1,366 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு வெறும் கல், மணல், பள்ளத்தாக்கு. சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்கு. நடுவில் கிரீன் நதியும் கொலராடோ நதியும் வந்து கூடுகின்றன. இரண்டும் சேர்ந்து பூங்காவை மூன்று துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. பூங்காவுக்குள் இந்த நதிகளின் மேல் ஒரு பாலம் கூடக் கிடையாது. எதிர்க்கரையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். போக வேண்டுமென்றால் வெளியே வந்து, மணிக்கணக்கில் காரில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 1964 செப்டம்பர் 12 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டு இதைத் தேசியப் பூங்காவாக்கினார்.

மூன்று துண்டுகளில் ஒன்றின் பெயர் நீடில்ஸ். ஊசிகள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாறைத் தூண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே செஸ்லர் பார்க் என்று ஒரு புல்வெளி. அங்கே கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவது என்பது மாப்பிள்ளையின் திட்டம். அமெரிக்கர்கள் இதை 'பிரிமிடிவ் கேம்பிங்' என்கிறார்கள். ஆதிமனிதத் தங்கல் என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் இல்லை, விளக்கு இல்லை, மேஜை இல்லை, கழிப்பறை இல்லை, கடை இல்லை. நெருப்பு மூட்டவும் அனுமதி இல்லை. ஆதிமனிதனாவது நெருப்பு மூட்டினான்.

நமக்கு இது எளிதில் பிடிபடாது. எந்த மலைக்குப் போனாலும் உச்சியில் ஒருவர் டீயும் பஜ்ஜியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்ததும் இல்லை. எதுவும் விற்கப்படாத ஓர் இடத்துக்குப் போவதென்றால், போகும் முன்பே எல்லாவற்றையும் யோசித்து முடித்திருக்க வேண்டும். அந்த யோசனைக்கே எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று.

முதலில் தண்ணீர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர் வேண்டும் என்று பூங்காக்காரர்கள் சொல்கிறார்கள். செஸ்லர் பார்க்கில் ஒரு சொட்டு கிடையாது. வழியில் எலிபெண்ட் கேன்யனில் சில பருவங்களில் கொஞ்சம் தேங்கி நிற்கும். நிற்காமலும் போகும். அதை நம்பிக் கிளம்புவது, எதிர்வீட்டில் சமைத்திருப்பார்கள் என்று நம்பி நாம் அடுப்பை அணைப்பது மாதிரி. ஆக, மூன்று பேர், மூன்று நாள், 36 லிட்டர். லிட்டர் ஒரு கிலோ. தலைக்கு 12 கிலோ. கூடாரம், உறங்கும் பை, சாப்பாடு, அடுப்பு எல்லாம் இதற்கு மேல். மாப்பிள்ளையின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

வேறு இடங்களில் பயணத்தை நாள் கணக்கில் போடுவோம். அங்கே தண்ணீரின் எடையில் போட வேண்டும். இரண்டு இரவா, ஒரு இரவா என்பதைத் தீர்மானிப்பது முதுகெலும்புதான்.

பயிற்சி செய்யத் தொடங்கினேன். பழைய முதுகுப்பையில் ஒரு லிட்டர் பாட்டில்கள் எட்டை வைத்துக்கொண்டு தினமும் காலையில் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் நடை. மூன்றாம் நாள் முழங்கால் பேசியது. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடும் பையன் இதைப் பார்த்துவிட்டு, "சார், எதுக்கு சார் உங்களுக்கு இது? சொன்னா நான் கொண்டாந்து போட மாட்டனா?" என்றான். அவன் 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்றாவது மாடிக்கு ஒரே மூச்சில் ஏறுகிறவன். ஒரு நாளைக்கு எத்தனை கேன் என்று கேட்டால் சிரிப்பான். நான் டாலர் செலவழித்துப் போய்ச் சுமக்கப்போவதை அவன் கூலிக்குத் தினமும் சுமக்கிறான். அவனிடம் விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றியபோது குடத்தை எண்ணி வாழ்ந்தோம். அதனால் தண்ணீரை எண்ணுவது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று லாரி வராவிட்டால் சண்டை போடலாம், பக்கத்துத் தெருவுக்குப் போகலாம். செஸ்லர் பார்க்கில் யாரோடு சண்டை போடுவது?

இனி, தேதி விவகாரம். உண்மையான சிக்கல் அதில்தான் இருந்தது.

பூங்காவில் இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தங்கும் இடங்கள் குறித்து வைக்கப்பட்டவை, எண்ணிக்கையில் மிகக் குறைவு. செஸ்லர் பார்க்கில் ஐந்தே ஐந்து. ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஆகியவைதான் அங்கே நல்ல பருவம். அந்தத் தேதிகளுக்கு நம் ஊரில் தீபாவளி ரயில் டிக்கெட்டுக்கு நடக்கிற அதே அடிதடி. ஜூன் கடைசியில் மட்டும் இடம் கிடைத்தது. என் பயணமும் ஜூனில்தான் ஏற்பாடாகியிருந்தது. இரண்டும் பொருந்திவிட்டதில் மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஜூன் கடைசியில் ஏன் இடம் எளிதாகக் கிடைக்கிறது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

ஒரு நாள் இரவு மகள் தனியாகப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அப்பா, அவர் கேட்டார்ங்கறதுக்காக எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டே இருக்காதீங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா அவரும் விட்டுடுவார். உங்களுக்கு ஏமாத்தமா இருக்கும்னுதான் அவர் சும்மா இருக்கார்."

இதுதான் நிலைமை. எனக்காக அவர், அவருக்காக நான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டே 38 டிகிரி வெயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். குடும்பங்களில் பல காரியங்கள் இப்படித்தான் முடிவாகின்றன. கல்யாண மண்டபம் முதல் அறுவைச் சிகிச்சை வரை.

சென்னைக்காரனுக்கு 38 டிகிரி ஒரு வெயிலா என்று நானும் முதலில் நினைத்தேன். அங்கேதான் ஏமாறுகிறோம். நம் ஊர் வெயிலில் வேர்வை சட்டையை நனைக்கும், உடம்பு தண்ணீர் கேட்பது தெரியும். பாலைவனக் காற்றில் ஈரம் இல்லாததால் வேர்வை வந்த கணமே ஆவியாகிவிடுகிறது. சட்டை காய்ந்தே இருக்கும். வேர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று, மலையில் முதலில் ஏறுகிறோம், களைத்ததும் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் பெரும்பாலும் இது தலைகீழ். காலைக் குளிர்ச்சியில், புது உற்சாகத்தில் இறங்குகிறோம். ஏற வேண்டியதெல்லாம் உச்சிவெயிலில், தண்ணீர் குறைந்த பிறகு.

இதே பூங்காவின் மேட்டுநிலப் பகுதியில் சின்க்ளைன் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. 13 கிலோமீட்டர் சுற்று. சுமார் 400 மீட்டர் இறங்கி ஏற வேண்டும். பூங்காவில் மீட்புப் பணி அதிகம் தேவைப்படுவது இந்தப் பாதையில்தான் என்று நிர்வாகமே எச்சரிக்கிறது. 2024 ஜூலையில் ஒரு தகப்பனும் மகளும் இங்கே நடக்கப் போனார்கள். அவருக்கு 52 வயது, மகளுக்கு 23. வழி தவறிவிட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவசர எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அது போய்ச் சேர்ந்தது. ஆட்களும் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது இருவரும் உயிரோடு இல்லை. அன்று வெயில் 38 டிகிரிக்கு மேல்.

இந்தச் செய்தியை நான் ஒரு மத்தியானம் படித்தேன். தகப்பன், மகள் என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. அன்று இரவே மாப்பிள்ளைக்கு எழுதினேன். "ஜூன் வேண்டாம். என்னால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. முடிந்தாலும் வேண்டாம்." பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. "தேங்க்ஸ், மாமா." அவ்வளவுதான். எத்தனை நாளாக அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாரோ.

விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டதற்கு அபராதம் கட்டினேன். அது பற்றி இங்கே எழுதினால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

ஜூலை, ஆகஸ்டுக்கு ஏன் தள்ளவில்லை என்று கேட்கலாம். அங்கேயும் மழைக்காலம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மான்சூன்'. நம் கடற்கரைகளில் அரபு வணிகர்கள் புழங்கிய சொல் அந்தப் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோடையின் பின்பாதியில், பிற்பகலில் திடீரென்று இடிமழை கொட்டும். பாறை தண்ணீரை உறிஞ்சாது. அத்தனையும் ஓடைகளுக்கு வந்து, குறுகிய பிளவுகளில் சுவர் போல எழுந்து பாயும். நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதே இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பக்கத்து மாநிலமான அரிசோனாவில் ஆண்டலோப் கேன்யன் என்ற பிளவில் 11 பயணிகள் இப்படித்தான் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். வழிகாட்டி மட்டும் பிழைத்தார். மழை பெய்தது சில மைல் தள்ளி. ஓடைப் படுகையில் மணல் மெத்தென்று, சமமாக, படுக்க அழைப்பது போலத்தான் இருக்கும். அங்கே கூடாரம் அடிக்கக் கூடாது என்பது முதல் பாடம்.

ஆக, அக்டோபர். பகலில் 20 டிகிரியை ஒட்டி, இரவில் 5 டிகிரியை ஒட்டி. இரண்டு இரவை ஒன்றாகக் குறைத்தோம். இதை முன்வைத்தவள் என் மகள். முதுகுக்கு 8 லிட்டர், கார் நிற்கும் இடத்தில் இன்னும் 20 லிட்டர் இருப்பு. குறைத்ததில் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. எனக்கு இல்லை. ஒரு இரவுக்கே என் மனைவி சம்மதித்தது பெரிய காரியம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் என் மனைவி திட்டத்துக்குள் நுழைந்தாள். மாப்பிள்ளை உலர்த்திப் பொட்டலம் கட்டிய அமெரிக்க உணவுகளைப் பட்டியல் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கொதிநீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரும் நான்கு லிட்டர் கணக்கில்தான் வரும். சாதம் வடிக்கிற பேச்சே கிடையாது. பருப்பும் வேகாது. 5,000 அடிக்கு மேலே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பை வைத்துக்கொண்டு காஸ் தீரும் வரை காத்திருக்கலாம். "அவலை நனைச்சா போதுமே, அதுக்கு அடுப்பு எதுக்கு?" என்றாள் மனைவி. மாப்பிள்ளை அசந்துபோனார். கடைசியில் முடிவானது இது: முதல் நாளுக்குப் புளியோதரை, இரவுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், மறுநாள் காலை அவல், இடையில் கடலை மிட்டாய். அடுப்பு காபிக்கு மட்டும். காபியை விட்டுக்கொடுக்க நானும் தயாராக இல்லை, அவரும் தயாராக இல்லை.

உப்பு நார்த்தங்காயும் போகிறது. இது நாக்குக்காக மட்டும் அல்ல. வெயிலில் நடக்கிறவர்கள் பயத்தில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம், சில சமயம் வலிப்பு வரை போய்விடும். கிராண்ட் கேன்யன் பூங்காவின் காவலர்கள், தண்ணீர் குடிக்காமல் விழுகிறவர்களோடு இப்படித் தண்ணீர் மட்டும் குடித்து விழுகிறவர்களையும் பார்க்கிறார்கள். குடிக்கும்போதெல்லாம் உப்பாக எதையாவது தின்ன வேண்டும். நம் பாட்டிமார் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுத்ததை அறிவியல் என்று சொல்லிக் கொடி பிடிக்கும் கோஷ்டியில் நான் இல்லை. ஆனால் காரியம் அதேதான்.

உப்பு என்றதும் ஒரு விஷயம். அந்த ஊசிப் பாறைகள் உண்டானதற்கே காரணம் உப்புதானாம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடல் வற்றி வற்றி, கனத்த உப்புப் படுகை தங்கிவிட்டது. அதன் மேல் மணலும் மண்ணும் சேர்ந்து பாறையாயிற்று. மேலே பாரம் அழுத்த அழுத்த, உப்பு பாகு போல நதிப் பள்ளத்தை நோக்கி மெதுவாக நகர்கிறது. மேலே இருக்கும் பாறை பிடிமானம் இல்லாமல் வெடிக்கிறது. அப்படி வெடித்த ஒரு பிளவின் வழியாகத்தான் எங்கள் நடைபாதையின் ஒரு பகுதி போகிறது. ஜாயிண்ட் டிரெயில் என்று பெயர். சில இடங்களில் இரண்டு தோளும் உரசும். பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரியுமாம்.

பிளவு என்றதும் என் மனைவிக்கு '127 ஹவர்ஸ்' படம் நினைவுக்கு வந்துவிட்டது. ஏ.ஆர். ரஹ்மான் இசை என்பதற்காக 2010இல் வந்த அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். ஆஸ்கருக்கு இசை, பாடல் இரண்டிலும் பரிந்துரை பெற்ற படம். பாதியில் அவள் எழுந்து போய்விட்டாள். அது நிஜக் கதை. ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேற்றக்காரர், 2003 ஏப்ரல் 26 அன்று புளூஜான் கேன்யன் என்ற பிளவில் இறங்கும்போது ஒரு பாறை உருண்டு அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் அப்படியே நின்றார். தண்ணீர் தீர்ந்தது. கடைசியில் மொண்ணைக் கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார். அந்தப் பிளவு பூங்காவுக்குச் சற்று வெளியே. அவர் ரத்தத்தோடு நடந்து வந்து சேர்ந்த ஹார்ஸ்ஷூ கேன்யன் பூங்காவைச் சேர்ந்தது. எல்லோரும் அந்தக் கத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு உறைத்தது வேறு. எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை இரண்டாம் நாளே தேடத் தொடங்கியிருப்பார்கள்.

கைப்பேசி அங்கே வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை மாப்பிள்ளை வாங்கியிருக்கிறார். பொத்தானை அழுத்தினால் இருக்குமிடம் போய்ச் சேரும். நல்ல பொருள்தான். (அங்கிருந்து வரும்போது ஆசையாக வாங்கி வந்துவிடாதீர்கள். நம் நாட்டில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் வெளிநாட்டவர்களே சிக்கியிருக்கிறார்கள்.) ஆனால் செய்தி போய்ச் சேருவது வேறு, ஆள் வந்து சேருவது வேறு. 2024இல் அந்தத் தகப்பனும் மகளும் அனுப்பிய செய்தியும் போய்ச் சேர்ந்ததுதான்.

வீட்டில் அதிகம் சிரிப்பை மூட்டியது கழிப்பறை விஷயம். ஈரமில்லாத அந்த மண்ணில் எதையும் மக்கச் செய்யும் கிருமிகள் குறைவு. புதைத்தாலும் அப்படியே கிடக்கும். அதனால் பொடி போட்ட பையில் கட்டி, திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். நதி வழியாகப் படகில் போகிறவர்களுக்கு இது கட்டாய விதி. நடக்கிறவர்களும் பை கொண்டுபோகிறார்கள், நாங்களும் கொண்டுபோகிறோம். "அதையுமா முதுகுல சுமந்துட்டு வரணும்?" என்றாள் மனைவி. ஆமாம். தண்ணீர் குறையக் குறைய அந்தப் பக்கம் கொஞ்சம் கூடும்.

கால் வைக்கிற இடத்துக்குக் கூட விதி இருக்கிறது. வெறும் மண் போலத் தெரியும் இடத்தில் கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக ஒரு மேலோடு படர்ந்திருக்கும். அது உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இழைகள் மணலைப் பின்னிக் கட்டி வைத்திருக்கின்றன. அது இருப்பதால்தான் மண் காற்றோடு போகாமல் நிற்கிறது, செடி முளைக்கிறது. ஒரு செருப்புத் தடம் பட்டால் ஆறுவதற்குப் பத்தாண்டுகள் கணக்கில் ஆகும். பாறை மேல் நடக்கலாம், ஓடை மணலில் நடக்கலாம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியிருந்தால் கை, முகம் கழுவக் கூடாது. அதற்குள் நகம் அளவு இறால்கள் வாழ்கின்றன. குழி வற்றினால் அவற்றின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் தூசியோடு தூசியாகக் கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். நம் தோலில் தடவியிருக்கும் வெயில் களிம்பின் எண்ணெய் போதும், அவற்றைக் கொல்ல.

இந்த விதிகளையெல்லாம் படிக்கும்போது முதலில் எரிச்சல் வந்தது. சுதந்திரமாகத் திரிவதற்கு இத்தனை படிவமா? இந்த எரிச்சல் போனது பவல் என்பவரைப் பற்றிப் படித்த பிறகு. ஜான் வெஸ்லி பவல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். 1869இல் பத்துப் பேர், நான்கு படகு, பத்து மாதத்துக்கான சாப்பாடு என்று புறப்பட்டு இந்த நதிகளில் இறங்கினார். வழியில் ஒரு படகு நொறுங்கி, ஏற்றியிருந்த சாமான்கள் போயின. கேன்யன்லாண்ட்ஸில் இரண்டு நதிகளும் கூடும் இடத்துக்கு வந்தபோது மாவு நனைந்து பூத்துப்போயிருந்தது. கொசுவலையை எடுத்து அதில் மாவைச் சலித்து, தேறியதை வைத்துக்கொண்டு மேலே போனார்கள். கடைசியில் கிராண்ட் கேன்யனைத் தாண்டி வெளியே வந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் முன்பே விலகிப்போயிருந்தார். முடிவை நெருங்கும்போது பயந்து விட்டுப்போன மூன்று பேர் உயிரோடு திரும்பவே இல்லை. பத்து மாதச் சாப்பாட்டோடு போனவர்களுக்கே அந்த கதி. நாங்கள் புளியோதரையோடு போகிறோம்.

என் உடம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. பத்து வருடமாக மாத்திரை. அதில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் கலந்திருக்கிறது என்பதை நான் கவனித்ததே இல்லை. மாத்திரை பட்டையைப் படித்துக் கண்டுபிடித்தவள் மகள்தான். தண்ணீரை எண்ணி எண்ணிச் சுமந்துகொண்டு போகிற இடத்தில், உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் மாத்திரை! டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, நானாக எதையும் நிறுத்தக் கூடாது என்று எச்சரித்து, வேறு மருந்துக்கு மாற்றி, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். வந்து காட்டிவிட்டேன். பரவாயில்லை என்றார். "எதுக்கு சார் இந்த வயசுல?" என்றும் கேட்டார். தண்ணீர் கேன் பையனும் இதையேதான் கேட்டான்.

பதில் என்னிடம் தெளிவாக இல்லை. அந்தப் பூங்காவுக்கு 2015இல் இருள்வானப் பூங்கா என்று அங்கீகாரம் கொடுத்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் எட்டாத இடம். நான் சிறுவனாக மொட்டை மாடியில் படுத்துப் பார்த்த வானத்தை என் மகள் பார்த்ததே கிடையாது. அவள் பிறந்தபோது எங்கள் தெருவுக்கு சோடியம் விளக்கு வந்துவிட்டது. அவளோடு ஒரு ராத்திரி மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். இதை டாக்டரிடம் சொன்னால் ரத்த அழுத்தத்தை மறுபடி பார்ப்பார் என்று சொல்லவில்லை.

மூட்டை கட்டியாகிவிட்டது. குரங்குக் குல்லாய் வேண்டாம் என்று மகள் சொன்னாள். 5 டிகிரி என்று சொன்னவளும் அவள்தான். குல்லாய் பையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு காகிதம். மாப்பிள்ளை தயாரித்தது. எந்தக் கார், என்ன நிறம், என்ன எண், எங்கே நிறுத்தியிருப்போம், எந்தப் பாதை, கூடாரம் எந்த இடத்தில், யார் என்ன நிறச் சட்டை, என்ன மருந்து, எப்போது வெளியே வருவோம் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் எங்களிடமிருந்து போன் வராவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் கீழே. ஒரு பிரதி சால்ட் லேக் சிட்டியில் அவருடைய நண்பரிடம். சென்னைக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று என் மனைவி வற்புறுத்தி வாங்கிக்கொண்டாள்.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். "எட்டு மணின்னா அங்கே எட்டா, இங்கே எட்டா?" என்று கேட்டாள். அங்கே ஞாயிறு இரவு எட்டு என்றால் இங்கே திங்கள் காலை ஏழரை என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். தினசரிக் காலண்டரை இறக்கி அந்தத் தேதித் தாளைத் தேடிப் பிடித்து, பேனாவால் எழுதிவைத்தாள். பிறகு அந்தத் தாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம்" என்றாள். "ஏழு இருபத்தஞ்சுக்குள்ள போன் பண்ணிடுங்க."